இரும்புக்குள் ஹைட்ரஜன் எங்கே இருக்கிறது?

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருச்சி, திருவெறும்பூர்ப் பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெல்டரின் காலடியில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி சூடாக இருந்துகொண்டே இருக்கும். 7018 என்ற வெல்டிங் ராடு வைக்கும் ஓவன் அது. ராடை வெளியே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ராடின் மேல்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெல்டு செய்யும்போது அந்தச் சூட்டில் ஈரம் பிரிந்து, ஹைட்ரஜன் உருகிய எஃகுக்குள் இறங்கிவிடும். வெல்டு பார்க்க அழகாகவே இருக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ, யாரும் தொடாமலே விரிசல் விடும். வலு மிகுந்த எஃகுகளில் வெல்டு முடிந்த கையோடு சோதிக்காமல், 48 மணி நேரம் விட்டுவைத்துச் சோதிப்பது இதனால்தான்.

அந்த இரண்டு நாளும் ஹைட்ரஜன் எங்கே இருந்தது? எவ்வளவு இருந்தது என்று சொல்ல நெடுங்காலமாகவே வழி உண்டு. இன்ன இடத்தில் இருந்தது என்று அணு அளவில் நேரடியாகச் சுட்டிக்காட்ட 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘எவ்வளவு’ என்ற கேள்வியிலிருந்து ‘எங்கே’ என்ற கேள்விக்கு வந்துசேர்ந்த அந்த நீண்ட பயணம்தான் இன்றைய பேச்சு.

தொடக்கம் மான்செஸ்டரில். வில்லியம் ஜான்சன் என்பவர் இரும்புக் கம்பித் தொழிலை அறிந்தவர். கம்பியைத் துரு நீக்க அமிலத்தில் போடுவது அப்போதும் வழக்கம், இப்போதும் வழக்கம். அமிலத்தில் சில நிமிடம் கிடந்த கம்பி, முன்போல வளையாமல் ஒடிந்துபோவதை அவர் பார்த்தார். அதே கம்பியைச் சில நாள் சும்மா விட்டாலோ, சூடுபடுத்தினாலோ, பழைய உறுதி திரும்பியது. ஒடிந்த முனையை ஈரப்படுத்தினால் அதிலிருந்து குமிழிகள் கிளம்பின. உள்ளே புகுந்த ஹைட்ரஜன் வெளியே போகிறது என்று சரியாகவே முடிவுகட்டி, 1875-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். சோதனைக் கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கம்பி, அமிலம், கண், பொறுமை. நோயின் காரணம், அது தீரும் விதம், தீர்ந்ததற்கான அடையாளம் மூன்றையும் ஒரே கட்டுரையில் சொல்லிவிட்ட அந்த மனிதருக்குப் பாடநூல்கள் இன்னும் உரிய இடம் தரவில்லை.

இன்றைக்கும் பிளேட்டிங் பட்டறைகளில் ஹை டென்சைல் போல்ட்டுகளுக்குத் துத்தநாகம் பூசியதும் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுக்கிறார்கள். ‘பேக்கிங்’ என்பார்கள். ஜான்சன் கண்ட வைத்தியம்தான் அது.

எவ்வளவு ஹைட்ரஜன் இருந்தால் ஆபத்து என்பதை யோசித்தால் வியப்பாக இருக்கும். ஒரு டன் எஃகில் ஒரே ஒரு கிராம் போதும், சில வகை வலுவான எஃகுகளின் குணம் கெட்டுவிடும். அணுக்கணக்கில் பார்த்தால் 10 லட்சம் இரும்பு அணுக்களுக்கு 56 ஹைட்ரஜன் அணுக்கள். ஒரு பெரிய நகரத்தின் மக்கள்தொகைக்குள் ஒரு பேருந்துக் கூட்டம். அந்தப் பேருந்துக் கூட்டம் நகரமெங்கும் சிதறிக் கிடந்தால் ஒன்றும் நடக்காது. எல்லோரும் ஒரே பாலத்தின் ஒரே தூணடியில் கூடினால்தான் தொல்லை. ‘எங்கே’ என்ற கேள்வி ‘எவ்வளவு’ என்பதைவிட முக்கியமாவது இப்படித்தான்.

பாலம் என்று சொன்னது வெறும் உவமைக்காக அல்ல. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லண்டையும் இணைக்கும் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியைத் திறக்க ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த நேரம். 2013 மார்ச்சில், 2008-இல் பொருத்தப்பட்டிருந்த 96 நங்கூர ராடுகளை இறுக்கினார்கள். ஒவ்வொன்றும் மூன்று அங்குலத் தடிமன், துத்தநாகம் பூசியது. இறுக்கிய சில நாட்களிலேயே ஒவ்வொன்றாக முறியத் தொடங்கி, 32 ராடுகள் போய்விட்டன. காரணம் ஹைட்ரஜன் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அது எஃகுக்குள் முன்பே இருந்த ஹைட்ரஜனா, ஐந்து ஆண்டுகளாக ராடுக் குழிகளில் தேங்கிய நீரிலிருந்து வந்ததா என்பதில் வல்லுநர்களிடையே நீண்ட வாதம் நடந்தது. முறிந்த ராடுகளுக்குப் பதிலாகத் தனியே ஓர் எஃகுத் தாங்கியை அமைத்த பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. உடைந்த துண்டு கையில் இருந்தும், உள்ளே ஹைட்ரஜன் இருந்த இடத்தையும் வந்த வழியையும் படம் பிடித்துக் காட்ட முடியாததால் வந்த வாதம் அது.

ஏன் முடியவில்லை? ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே ஓர் எலக்ட்ரான். எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களில் பட்டுத்தான் சிதறும். 26 எலக்ட்ரான் உள்ள இரும்பு அணுக்களின் கூட்டத்தில் ஒற்றை எலக்ட்ரான்காரனைத் தேடுவது எப்படி? எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தனிமங்களை அடையாளம் காண, உள்ளடுக்கு எலக்ட்ரான் இடம் மாறும்போது வரும் எக்ஸ் கதிரைப் பிடிப்பார்கள். ஹைட்ரஜனுக்கு உள்ளடுக்கு என்று ஒன்றே கிடையாது. கையெழுத்துப் போடத் தெரியாதவனிடம் கையெழுத்துக் கேட்ட மாதிரி.

அதோடு அது ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. தூய இரும்பில், சாதாரண அறை வெப்பத்தில், ஹைட்ரஜன் அணு ஒரு மில்லிமீட்டர் தடிமனைக் கடக்க இரண்டு நிமிடத்துக்குக் குறைவாகவே ஆகும். நுண்ணோக்கிக்காக ஊசியாகச் செதுக்கும் மாதிரியின் முனை 100 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதைக் கடக்க நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மாதிரியைக் கருவிக்குள் வைப்பதற்குள் ஆள் ஓடிவிட்டிருப்பான்.

எனவே முதலில் வந்த அளவுமுறைகள் எல்லாம் வெளியேறும் ஹைட்ரஜனை எண்ணும் முறைகள். 1962-இல் தேவநாதனும் ஸ்டசூர்ஸ்கியும் வெளியிட்ட முறை அவற்றில் தலையாயது. தேவநாதன் இலங்கையைச் சேர்ந்த மின்வேதியியலாளர். மெல்லிய உலோகத் தகட்டின் ஒரு பக்கம் மின்னோட்டத்தால் ஹைட்ரஜனை ஏற்றி, மறுபக்கம் வந்து சேரும் ஒவ்வோர் அணுவையும் மின்னோட்டமாகவே எண்ணிவிடுவது அந்த ஏற்பாடு. இரண்டு கண்ணாடிக் கலம், நடுவில் ஒரு தகடு. அறுபது ஆண்டு கழிந்த பின்னும் உலகெங்கும் உள்ள அரிமான ஆய்வகங்களில் அதன் பெயர் ‘தேவநாதன் செல்’தான்.

மற்றொரு முறை, மாதிரியைப் படிப்படியாகச் சூடாக்கி, எந்தச் சூட்டில் எவ்வளவு ஹைட்ரஜன் வெளிவருகிறது என்று பார்ப்பது. கெட்டியாகப் பிடிபட்டிருந்தது பிந்தி வரும், தளர்வாக இருந்தது முந்தி வரும். பயனுள்ள முறைதான். ஆனாலும் படம் முடிந்து தியேட்டரிலிருந்து வெளியே வரும் கூட்டத்தை வாசலில் நின்று எண்ணுவது போன்றது அது. யார் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியாது.

வரிசையையும் நாற்காலியையும் பார்க்கும் கருவி வேறொரு வழியில் வந்தது. 1955 அக்டோபர் 11 அன்று பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், எர்வின் முல்லர் என்ற ஜெர்மானியப் பேராசிரியரும், அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த கன்வர் பகதூர் என்ற இந்திய மாணவரும், குளிரூட்டிய டங்ஸ்டன் ஊசியின் முனையில் ஒவ்வோர் அணுவும் தனித்தனிப் புள்ளியாக ஒளிர்வதைத் திரையில் கண்டார்கள். மனிதக் கண் அணுவைத் தனித்தனியாகப் பார்த்தது அன்றுதான் முதல்முறை. பார்த்தவர்களில் ஓர் இந்திய மாணவர் இருந்தார் என்பது நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி. ஊசியை நன்றாகக் குளிர வைத்ததுதான் அன்று படத்தைத் தெளிவாக்கியது. குளிர் இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

புள்ளி தெரிந்தது. அந்தப் புள்ளி எந்தத் தனிமம் என்று தெரியவில்லை. 1967-இல் முல்லர் தன் குழுவினரோடு அதற்கும் ஒரு வழி செய்தார். ஊசி முனையிலிருக்கும் அணுவை மின்புலத்தால் பிடுங்கிப் பறக்கவிட்டு, அது வந்து சேரும் நேரத்தை அளப்பது. லேசான அணு விரைந்து வரும், கனமானது மெதுவாக வரும். நேரத்திலிருந்து நிறை, நிறையிலிருந்து பெயர். ‘ஆட்டம் புரோப்’ என்ற பெயர் அந்தக் கருவிக்கு அமைந்தது. 1988-இல் ஆக்ஸ்போர்டில் செரெஸோ, காட்ஃப்ரே, ஸ்மித் ஆகியோர் அணு எந்த இடத்தில் வந்து விழுகிறது என்பதையும் பதிவு செய்யும் திரையைச் சேர்த்தார்கள். பிறகு ஒரே ஊசியிலிருந்து கோடிக்கணக்கான அணுக்களை ஒவ்வொன்றாக உரித்தெடுத்து, கணினியில் மீண்டும் அடுக்கி, முப்பரிமாணப் படம் வரைவது நடைமுறையாயிற்று. பனங்கிழங்கை நார்நாராக உரிப்பது போல உலோகத்தை அணு அணுவாக உரிக்கும் வேலை. சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம், உயர் வெற்றிடம், சுமார் மைனஸ் 220 டிகிரி குளிர். எல்லா அணுவும் பிடிபடும் என்றும் சொல்வதற்கில்லை. நல்ல கருவிகளிலும் ஐந்தில் ஓர் அணு தவறிவிடும்.

இனி ஹைட்ரஜனைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தால் புதிய சிக்கல். எவ்வளவு காற்றை உறிஞ்சி எடுத்தாலும், எஃகால் ஆன அந்த வெற்றிடக் கலத்தின் சுவரிலிருந்தே ஹைட்ரஜன் கசிந்துகொண்டிருக்கும். திரையில் விழும் ஹைட்ரஜன் அணு மாதிரியிலிருந்து வந்ததா, சுவரிலிருந்து வந்ததா? பாலத்து ராடுகளில் எழுந்த அதே வாதம், இந்தத் தடவை கருவிக்கு உள்ளேயே.

இதற்குக் கண்ட தந்திரம், ஹைட்ரஜனின் அண்ணனை அனுப்புவது. ட்யூட்டீரியம் என்பது ஹைட்ரஜன்தான், கருவில் ஒரு நியூட்ரான் கூடுதல். நடத்தை ஏறக்குறைய ஒன்றே, எடை இரு மடங்கு. இயற்கையில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றுதான் ட்யூட்டீரியம். ஆகவே கருவிச் சுவரிலிருந்து அது வருவது மிகக் குறைவு. மாதிரிக்குள் நாமே ட்யூட்டீரியத்தை ஏற்றிவிட்டால், நிறை 2 என்று வந்து விழுவது நாம் அனுப்பிய ஆள் என்று கொள்ளலாம். இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. இரண்டு சாதாரண ஹைட்ரஜன் அணுக்கள் கைகோத்துக்கொண்டு வந்தாலும் நிறை 2 தானே! அதனால் ட்யூட்டீரியம் ஏற்றாத ஊசி ஒன்றையும் அதே நிலையில் சோதித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். ஆய்விதழ்களில் வரும் வண்ணப் படங்களைவிட, பக்கத்தில் அடக்கமாக இருக்கும் அந்த ஒப்பீட்டு ஊசிக்குத்தான் மதிப்பு அதிகம். அது இல்லாமல் வரும் படத்தை நம்ப வேண்டியதில்லை.

2010-இல் ஜப்பானில், நிப்பான் ஸ்டீல் நிறுவன ஆய்வகத்தில், ஜுன் டகஹாஷியும் அவருடைய தோழர்களும் இந்த வழியில் முதல் நேரடிப் படத்தை எடுத்தார்கள். எஃகுக்குள் டைட்டானியம் கார்பைடு என்ற மிக நுண்ணிய துகள்கள் விரவியிருந்தன. ட்யூட்டீரியம் அந்தத் துகள்களின் பரப்பில் போய் ஒட்டியிருந்தது. அதுவரை ஊகமாக இருந்தது காட்சியாயிற்று. ஓர் எஃகு ஆலையின் ஆய்வகத்திலிருந்து அது வந்தது தற்செயல் அல்ல. உலோகம் முறிந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

2017-இல் ஆக்ஸ்போர்டில் யி-ஷெங் சென் முதலானோர் மேலும் ஒரு படி போனார்கள். வனேடியம், மாலிப்டினம், நியோபியம் கலந்த கார்பைடுகள் உள்ள எஃகு ஊசியை, ஹைட்ரஜனுக்குப் பதில் ட்யூட்டீரியம் கொண்ட கன நீரில் வைத்து ட்யூட்டீரியம் ஏற்றி, உடனே திரவ நைட்ரஜனில் முக்கி உறைய வைத்தார்கள். அந்தக் குளிர் விலகாமலே கருவிக்குள் கொண்டுபோனார்கள். ஓடிக்கொண்டிருந்த அணு, இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. முல்லர் காலத்துக் குளிர் இங்கே திரும்பி வந்து வேறொரு வேலை செய்தது. பார்த்தால், ட்யூட்டீரியம் அந்தக் கார்பைடுகளின் பரப்பில் மட்டுமல்ல, உள்ளேயே அடைந்திருந்தது. 2020-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஜூலி கெய்ர்னி குழுவோடு சேர்ந்து சென் வெளியிட்ட ஆய்வில், நியோபியம் கார்பைடின் எல்லைப் பரப்பில் ட்யூட்டீரியம் இருந்தது. அதோடு படிகத் துகள்களின் எல்லைகளிலும், டிஸ்லொகேஷன் எனப்படும் கோடுகளிலும் அது சேர்ந்திருந்தது. படிக வரிசை ஒன்று பாதியில் அறுந்து நிற்கும் இடம்தான் டிஸ்லொகேஷன்.

உள்ளேயா, பரப்பிலா? இரண்டு ஆய்வும் முரண்படுவதாக நினைக்க வேண்டாம். கார்பைடின் கலவை, அளவு, சுற்றியுள்ள இரும்போடு அது எவ்வளவு பொருந்தி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. எஃகு செய்பவருக்கு இது பெரிய செய்தி. ஹைட்ரஜனை முழுக்கத் தடுக்க முடியாது. அது போய் அடங்கக்கூடிய தீங்கில்லாத பொந்துகளை எஃகுக்குள் நாமே அமைத்துக் கொடுத்தால், படிக எல்லைகளுக்குப் போய் முறிவை உண்டாக்காமல் இருக்கும். எந்தப் பொந்து உண்மையில் பிடிக்கிறது என்று இனி கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். 2022-இல் ஜெர்மனியின் டூசெல்டார்ஃப் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் விமான வகை அலுமினியக் கலவைகளிலும் இதே போன்ற ஆய்வைச் செய்து, ஹைட்ரஜன் எந்தத் துகளில் தங்குகிறது, எந்த எல்லையில் முறிவைத் தூண்டுகிறது என்று காட்டினார்கள்.

இந்தத் துறையின் நேர்மைக்குச் சான்றாக ஒன்றைச் சொல்ல வேண்டும். டைட்டானியம் மாதிரிகளில் பல காலமாக, உலோகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரைடு தென்பட்டது. உலோகத்திலேயே இருந்தது என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். அயனிக் கற்றையால் ஊசியைச் செதுக்கும்போதே ஹைட்ரஜன் உள்ளே போய்விடுகிறது என்பது பிறகு தெரிந்தது. கடுங்குளிரில் வைத்துச் செதுக்கியபோது ஹைட்ரைடு வரவில்லை. எர்லாங்கனில் வேறொரு குழு, கருவியின் கலத்தையே எஃகுக்குப் பதில் டைட்டானியத்தால் செய்து, சுவரிலிருந்து வரும் ஹைட்ரஜனைக் குறைத்தது. அளப்பவன் கையிலேயே அழுக்கு இருக்கலாம் என்று முதலில் தன்னைச் சோதித்துக்கொள்ளும் பழக்கம் இது.

எஃகு, அலுமினியத்தோடு நிற்காமல் சிர்கோனியத்தையும் பார்க்க வேண்டும். 1983 ஆகஸ்ட் 1 அன்று கனடாவின் பிக்கரிங் அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில், சிர்கோனியக் கலவையால் ஆன அழுத்தக் குழாய் ஒன்று சுமார் இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. கன நீரோடு வினைபுரிந்த குழாய் ட்யூட்டீரியத்தை உள்ளிழுத்துக்கொண்டே இருந்தது. இடைவெளி காக்கும் வளையங்கள் நகர்ந்துவிட்டதால் குழாய் தொய்ந்து, வெளியிலிருந்த குளிர்ந்த குழாயைத் தொட்டது. ட்யூட்டீரியம் சூடான இடத்தை விட்டுக் குளிர்ந்த இடத்துக்குப் போகும் குணம் உடையது. தொட்ட இடத்தில் எல்லாம் குவிந்து, ஹைட்ரைடுக் கொப்புளமாகி, பிளந்தது. மொத்தக் குழாயில் எவ்வளவு என்ற சராசரிக் கணக்கு அன்று காப்பாற்றவில்லை.

நம் கல்பாக்கம் உலைகளும் இதே குடும்பம். பிக்கரிங் பாடத்துக்குப் பிறகு, 2000-களின் முற்பகுதியில் கல்பாக்கத்தின் இரண்டு உலைகளிலும் குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஹைட்ரஜனைக் குறைவாக உள்ளிழுக்கும் சிர்கோனியம்–நியோபியம் குழாய்களைப் பொருத்தினார்கள். குழாயை வெட்டாமல், உட்புறத்திலிருந்து மெல்லிய சீவல் மட்டும் எடுத்து ஹைட்ரஜனை அளக்கும் கருவியைப் பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியது. தேங்காய்த் துருவல் போல ஒரு சிறு சீவல், அதில் ஓர் உலையின் ஆயுள் கணக்கு.

இந்தப் பேச்சை இப்போது பேச வேண்டிய காரணம் ஒன்று உண்டு. 2023-இல் இந்திய அரசு ஒப்புதல் அளித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி செய்யும் திறனை இலக்காக வைத்திருக்கிறது. அவ்வளவு ஹைட்ரஜனும் குழாய், வால்வு, உருளை, வெல்டு என்று உலோகத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். இதுவரை எஃகுக்குள் தவறிப்போய் நுழைந்த விருந்தாளி, இனி நாமே அழைத்து உள்ளே நடக்கவிடும் விருந்தாளி. ஹைட்ரஜன் உற்பத்திக்குக் கிடைக்கும் மேடையில் பாதியாவது, அதைத் தாங்க வேண்டிய உலோகத்துக்கும் கிடைக்க வேண்டும்.

இந்த நாட்டின் ஆட்டம் புரோப் தேசிய மையம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது. நாட்டின் பல ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த மையம் அது. பிற ஊர்களிலுள்ள நிறுவனங்கள் தொலைவிலிருந்தே அந்தக் கருவியை இயக்கவும் ஏற்பாடு உண்டு. திருச்சியிலும் சேலத்திலும் கோவையிலும் உலோகவியல் படிக்கும் மாணவர்களுக்கும், அவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பட்டறையில் ஒடிந்த போல்ட்டையும் விரிசல் விட்ட வெல்டையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். எந்த ராடு, எத்தனை மணி நேரம் ஓவனில் இருந்தது, எப்போது ஒடிந்தது என்று எழுதி, அந்தத் துண்டோடு சேர்த்து எடுத்து வையுங்கள். சென்னையில் இருக்கும் அந்தக் கருவிக்கு உங்கள் ஊரிலிருந்தே மாதிரிகள் போகட்டும்.